விளக்கு எரிவதற்கு முன்

ஜூன் 9, திங்கள்

பால்காரர் இன்று தானாகவே, "மாடு பச்சைப்புல்லு திங்குது சார், பாலு கொஞ்சம் தண்ணியாத்தான் இருக்கும்" என்றார். நான் வாயே திறக்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களை நம்பக் கூடாது. இதை வடிவிடம் சொன்னேன். "நீங்க செம்புக்குள்ள எட்டிப் பாத்த பார்வையிலயே அவரு பதில் சொல்லிட்டாரு" என்றாள். என் மனைவி எப்போதும் எதிர்க்கட்சி.

கல்லூரி திறந்துவிட்டது. விலங்கியல் துறைத் தலைவி ரெஜினா மேடம் கணக்கு வாத்தியாரான என்னை எலிகளிடம் இழுத்து வந்து இது இரண்டாவது வருடம். அவர்களுடைய ஆராய்ச்சி மாணவி இசக்கியம்மாள் எலிகளுக்குப் பாடம் நடத்துகிறாள். எந்த எலி எவ்வளவு வேகத்தில் கற்கும் என்பதை நான் சமன்பாடு போட்டு முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெட்டிக்குள் விளக்கு எரியும், பிறகு தீனி விழும். நாள் போகப் போக, விளக்கைக் கண்டதுமே எலி தட்டுக்கு ஓடிவரும். இவ்வளவுதான் விஷயம்.

சமன்பாடு அதைவிடச் சின்னது. எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது ஒன்று. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவுதான் எலி கற்கும். எதிர்பார்த்ததே கிடைத்தால் கற்க ஒன்றுமில்லை. இன்னொரு விதியும் உண்டு. இரண்டு அடையாளங்கள் சேர்ந்து வந்தால் எலியின் நம்பிக்கையை அவை பங்கு போட்டுக்கொள்ளும். எது எடுப்பாக இருக்கிறதோ அது பெரும்பங்கைச் சுருட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டில் சத்தம் போட்டுப் பேசுகிற சித்தப்பா ஒருவர்தான் எல்லோருக்கும் நினைவில் நிற்பார், அதுபோல.

போன வருடத்து எலிகள் நான் வரைந்த கோட்டை ஒட்டியே நடந்தன. எலிகள் மேல் எனக்குக் குறை இல்லை. பொய் சொல்லத் தெரியாத பிராணி.

ஜூன் 12, வியாழன்

இசக்கி வந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"சார், திங்கக்கெழமை புது எலிகளை ஆரம்பிச்சிரலாமா? பிரசவத்துக்கு முன்னால தீசிஸ் கொடுத்துட்டா நிம்மதியா இருக்கும்."

விளக்கையும் தீனியையும் தானாக இயக்கும் கருவி கெட்டுப்போய்க் கிடக்கிறது. அவளே கையால் ஸ்விட்ச் போட்டு, அவளே தீனியைத் தள்ளி, எலி வந்ததா இல்லையா என்று அவளே எழுதிக்கொள்வாளாம். எல்லாம் அவளே. சரி என்றேன். ஆனால் அவசரத்தில் இருக்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு.

ஜூன் 15, ஞாயிறு

இசக்கிக்கு வளைகாப்பு. ஆடி பிறப்பதற்கு முன் முடித்துவிட வேண்டுமாம். வடிவு போய்விட்டு வந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இசக்கி போன வருடம் ஒரு தடவை வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள்மேல் இவளுக்குத் தனிப் பாசம். சந்தனமும் குங்குமமுமாகத் திரும்பிவந்தவள் இரண்டு கையையும் என் முன்னால் ஆட்டிக் காட்டினாள். வந்த பெண்களுக்கெல்லாம் கண்ணாடி வளையல் போட்டுவிட்டார்களாம்.

"இசக்கிக்கு முழங்கை வரைக்கும் அடுக்கியாச்சு. பிள்ளை பொறக்கிற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு அவ அம்மா சொல்லிட்டா. உள்ள இருக்கிற பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்கும்லா."

பிள்ளைக்குக் காது இருக்கிறது, சரி. புளியோதரை கொண்டுவந்தாளா என்று கேட்டேன். கொண்டுவந்திருந்தாள்.

ஜூன் 20, வெள்ளி

வடிவின் கை வளையல் வீடெங்கும் கலகலக்கிறது. முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது. இப்போது ஒரு வசதி தெரிகிறது. முன்னறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாலும், அடுக்களையில் அந்தச் சத்தம் எழுந்ததும் காபி ஆற்றுகிறாள் என்று தெரிந்து கால் தானே எழுந்துவிடுகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் என் செய்தித்தாளைப் படித்துவிட்டு மடித்து வைக்கிறார். மடிப்பு வேறாக இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

இசக்கி முதல் வாரத்து எண்களை அனுப்பினாள். பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

போன வருடத்து எலிகள் தத்தித் தத்தி ஏறிய மேட்டில் இந்த எலிகள் ஓடி ஏறியிருக்கின்றன. அதே விளக்கு, அதே தீனி, அதே பெட்டி. அந்த மங்கல் பல்புக்கு இவ்வளவு வேகம் கிடையாது. சமன்பாட்டில் எந்த எண்ணை மாற்றினாலும் இந்த ஏற்றம் வரவில்லை. ஒன்று, இவை மேதாவி எலிகள். இல்லையென்றால் வேறு என்ன என்று நான் இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூன் 27, வெள்ளி

நான் வீட்டுக்குள் நுழைந்ததும் வடிவு போனை வைத்துவிட்டாள். யாரென்று நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள்.

ஜூலை 2, புதன்

இன்று சொல்லாமல் கொள்ளாமல் எலி அறைக்குப் போய் இசக்கியின் பின்னால் நின்றேன். பெட்டிக்கு முன் கறுப்புத் துணி. எலிக்கு அவள் தெரியமாட்டாள், அவளுக்கு மட்டும் மேலிருக்கும் கண்ணாடி வழியாக எலி தெரியும். அவள் கையை நீட்டி ஸ்விட்சைப் போட்டாள். எலி தட்டுக்கு ஓடியது. அடுத்த எலி. அதுவும் ஓடியது.

முதலில் நானே ஏமாந்துபோனேன். அப்புறம்தான் கவனித்தேன். விளக்கு எரிவதற்கு முன்பே எலி கிளம்பிவிடுகிறது! கண் இமைக்கும் நேரம்தான், ஆனால் முன்பே. எரியாத விளக்கை எந்த எலி பார்க்கும்? ஏதோ ரகசிய சமிக்ஞை கொடுக்கிறாள். அவள் வாயைப் பார்த்தேன், முணுமுணுக்கவில்லை. காலைப் பார்த்தேன், தட்டவில்லை. மூச்சைக்கூடக் கவனித்தேன். எதுவும் பிடிபடவில்லை. அந்த வளையல்கள் வேறு காதுக்குள் கலகலவென்று, மனதை ஒருமுகப்படுத்தவே முடியவில்லை.

"என்ன சார், ஏதாவது சந்தேகமா?" என்று கேட்டாள்.

"ஒன்றுமில்லை" என்று வந்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

இசக்கி பரிசோதனைக்காக டாக்டரிடம் போயிருந்தாள். நல்ல சமயம். காலையில் எலி அறையைத் திறந்து நானே உட்கார்ந்தேன்.

விளக்கைப் போட்டேன். எலி மீசையைத் துடைத்துக்கொண்டது. மறுபடி போட்டேன். மூலையில் சுருண்டு படுத்தது. அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி. ஒன்றிரண்டு தலையைத் தூக்கிப் பார்த்தன, அவ்வளவுதான். ஓடோடி வருவதாக அவள் எழுதி வைத்திருக்கும் அத்தனை எலிகளும், வரி வசூலிக்க ஆள் வந்ததும் வாயடைத்துப்போகும் கடைக்காரர்போல அசையாமல் இருந்தன.

இனி ஐயமே இல்லை. அவசரத்தில் எண்களைத் தன் இஷ்டத்துக்கு எழுதியிருக்கிறாள். என் எதிரில் ஓடியது ஏதோ வித்தை. எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. மனதுக்கு ஒருவித நிம்மதிகூட வந்தது, கணக்கின் விடை வந்துவிட்டால் வருமே, அது.

ஜூலை 8, செவ்வாய்

ரெஜினா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பிரமநாயகம் சார், இசக்கிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டால் உஷாராகிவிடுவாள் மேடம்."

"அது நல்ல பிள்ளை சார்."

"எண்கள் நல்லதாக இல்லையே."

வெளியிலிருந்து இரண்டு பேரை அழைத்து, ஜூலை 21 அன்று அவர்கள் முன்னால் எலிகளைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. பொய் என்று தெரிந்தால் தீசிஸ் ரத்து, ஆராய்ச்சியிலிருந்தும் பெயர் நீக்கம். ரெஜினா மேடம் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். ஏன்? அவருக்கும் இதில் பங்கு இருக்குமோ?

ஜூலை 9, புதன்

வடிவிடம் சொல்லியிருக்கக் கூடாது. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துபோனாள். "வயித்துப் பிள்ளைக்காரிய இப்பிடிப் போட்டுக் கொடுத்துட்டு வந்து ரசம் கேக்கீயளே" என்றாள். ரசமும் கிடைக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

இசக்கி என் அறை வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், நான் ஏதாவது தப்பு செஞ்சிட்டேனா? எதுனாலும் என்கிட்ட சொல்லுங்க சார்."

"இருபத்தொன்றாம் தேதி எல்லாவற்றையும் பேசிக்கொள்ளலாம்" என்றேன்.

கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். முகம் உப்பியிருந்தது. பாதமும் வீங்கிச் செருப்பு வார் பதிந்து கிடந்தது. இரவெல்லாம் அழுதிருப்பாள்போல. குற்றமில்லாதவள் ஏன் அழ வேண்டும்?

ஜூலை 18, வெள்ளி

இசக்கிக்கு பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். வசதியான நேரத்தில் வரும் பிரஷர்.

இந்த வரியை எழுதியபின் அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

அவள் இல்லாமலே சோதனை நடந்தது. வெளியிலிருந்து வந்த இருவர், ரெஜினா மேடம், நான். ஸ்விட்சை நானே போட்டேன். எலிகள் என்னைக் கைவிடவில்லை. ஒன்றுகூட அசையவில்லை.

வந்தவர்களில் ஒருவர், "இதுல பேச என்ன இருக்கு" என்றார். இசக்கி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவள் விளக்கத்தை ஒரு சடங்குக்காகக் கேட்டுவிட்டுப் பெயரை நீக்குவது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. நான் சொன்னதுதான் நடந்தது. வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்தியைச் சொன்னேன். இரவுச் சாப்பாட்டில் உப்பு இல்லை. வேண்டுமென்றே போடவில்லை என்பது என் அனுமானம்.

ஜூலை 24, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

மாலை முன்னறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். காபி வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. இதுவும் உப்பு மாதிரிதான், பழிவாங்கல் என்று நினைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். மேசைமேல் காபி இருந்தது. ஆடை படிந்து ஆறிப்போய்.

"காபி வைத்தால் ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?" என்றேன்.

"என்னைக்கு நான் குரல் கொடுத்திருக்கேன்? நீங்களாத்தான எந்திரிச்சு வருவீய."

"இன்று எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் திரும்பி இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். வெறும் கை.

"இன்னைக்கு மத்தியானம் கழட்டிட்டேன். அந்தப் பிள்ளை போட்டுவிட்டத போட்டுக்கிட்டு உங்களுக்குக் காபி ஆத்த மனசு வரல. அதான், வளையல் சத்தம் கேட்டாத்தான் வருவியளோ? நல்லா பழகி வச்சிருக்கேன் ஒங்கள."

டம்ளரைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றேன்.

பழகி வச்சிருக்கேன்.

கறுப்புத் துணிக்கு இந்தப் பக்கம் இசக்கி கையை நீட்டுகிறாள். ஸ்விட்சை விரல் தொடுவதற்கு முன்பே முழங்கை வரை அடுக்கிய வளையல் கலகலக்கிறது. அப்புறம்தான் அந்த மங்கல் விளக்கு. அப்புறம் தீனி. சத்தம் எடுப்பானது. நம்பிக்கை முழுவதையும் அது சுருட்டிக்கொண்டது, விளக்குக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால்தான் வேகம். அதனால்தான் விளக்கு எரிவதற்கு முன்பே ஓட்டம். அதனால்தான் என் வெறுங்கையை எந்த எலியும் மதிக்கவில்லை. போன வருடம் அவள் கையில் வளையல் கிடையாது.

அவள் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதவில்லை.

இந்தச் சமன்பாட்டை எழுதியவன் நான். ஜூலை 2 அன்று அந்தச் சத்தம் என் காதில் விழுந்திருக்கிறது. இந்த நாட்குறிப்பிலேயே எழுதியும் வைத்திருக்கிறேன், தொந்தரவாக இருந்தது என்று. இசக்கி ஏமாற்றுகிறாள் என்ற எண்ணம் எல்லாவற்றுக்கும் பதிலாக இருந்தது. அது இருக்கும்போது வேறு எதையும் கற்க எனக்கு இடமே இல்லை. எலியாவது தீனிக்காக ஏமாந்தது. வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது, அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

"வளையல் எங்கே வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் வடிவு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜூலை 25, வெள்ளி

காலையில் வடிவு என் கையில் சோப்பைக் குழைத்துத் தடவினாள். "கட்டை விரல உள்ள மடக்குங்க. விறைக்காதீய." முதல் வளையல் உடைந்து புறங்கையைக் கீறியது. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது ஏறியது. கையில் பிடித்துக் குலுக்கினால் போதாதா என்று அவள் கேட்டாள். போதாது. கையை நீட்டும்போது தானாக வருகிற சத்தம்தான் எலிகளுக்குத் தெரியும். ஏறியவரை ஏற்றிக்கொண்டு, முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபோது சட்டை வழுக்கிவிட்டது. ஒரு கல்லூரிப் பையன் கூட்டாளியை இடித்தான். ஆம்பிளையா இருந்தா செய், இல்லைன்னா வளையல் மாட்டிக்கோ என்று எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறோம்.

ரெஜினா மேடம் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். எலி அறைக்குக் கூட்டிப்போனேன்.

கையை நீட்டினேன். வளையல் குலுங்கியது. எலி தட்டுக்கு ஓடி வந்தது. விளக்கை நான் இன்னும் போடவே இல்லை. அடுத்த பெட்டி. அடுத்தது. மூலையில் சுருண்டு கிடந்ததுகூட எழுந்து ஓடி வந்தது. கடைசிப் பெட்டிக்கு வந்தபோது எனக்குக் கண்ணாடி வழியாகச் சரியாகத் தெரியவில்லை. ரெஜினா மேடம்தான், "வந்துட்டு சார்" என்றார்.

அப்புறம் மெதுவாக, "அவளை வச்சே ஒரு தடவை செய்யச் சொல்லியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

திங்கட்கிழமை போட்ட கையெழுத்துகள் இன்றே ரத்தாயின. இசக்கியின் எண்கள் உண்மை. சோதனையின் அமைப்பில்தான் பிழை. கையால் ஸ்விட்ச் போடச் சம்மதித்த நானே அதற்குப் பொறுப்பு. அப்படியே எழுதிக்கொடுத்தேன். வளையலைக் கழற்ற மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 26, சனி

இசக்கிக்கு நேற்று இரவு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை. குறைமாதம், எடை போதாது. தாய் பிழைத்துக்கொண்டாள் என்று வடிவு சொன்னாள். நேற்று வரை நிலைமை அவ்வளவு மோசம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு ஏன் சொல்வார்கள்?

ஜூலை 30, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். வடிவு முன்னால் போனாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். இசக்கியின் கைகள் வெறுமையாக இருந்தன; ஊசி ஏற்ற வசதியாக நர்ஸ் எல்லா வளையல்களையும் உடைத்து எடுத்துவிட்டார்களாம். குழந்தை துணிச்சுருளுக்குள் கை முஷ்டி அளவு முகத்தோடு கிடந்தது.

வடிவு எல்லாம் சொல்லியிருப்பாள்போல, இசக்கி என் புறங்கைக் கீறலைப் பார்த்தாள்.

"எலி வந்துச்சா சார்?"

"வந்தது."

"எல்லாமா?"

"எல்லாம்."

கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் வழிந்த கண்ணீரை வடிவு துடைத்துவிட்டாள். பிறகு, கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அன்னைக்கு என் பின்னால வந்து நின்னீங்கள்லா சார், அப்ப ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எலி ஏன் முன்னாலயே ஓடுதுன்னு. நானும் சேந்து தேடியிருப்பேன்."

மன்னித்துக்கொள்ளம்மா என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மற்ற வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாப்பா தூங்குது சார்" என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மாலை நடந்துவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே வடிவின் பேச்சு சட்டென்று நின்றது. போனை வைத்துவிட்டாள். மனதுக்குள் பழையபடி ஒன்று தலையைத் தூக்கியது. அடுக்களைக்குப் போய்க் கேட்டுவிட்டேன்.

"யார் போனில்?"

"இசக்கி."

"இத்தனை நாளும்?"

"இத்தனை நாளும் அவதான். சார் என் மேல கோவமா இருக்காகளா அக்கான்னு கேப்பா. இல்லம்மான்னு சொல்லுவேன்."

"நான் வந்தால் ஏன் வைத்துவிடுகிறாய்?"

வடிவு அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"செருப்பு கழட்டுற சத்தம் கேட்டா, அடுத்து என்ன வரும்னு எனக்குத் தெரியும்லா."

கல்யாணமான நாளிலிருந்து எதிர்பார்த்ததே கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது அவளுக்கு. பாலை அடுப்பில் வைத்தேன். டிகாக்‌ஷனைத் தேடி எடுத்து, கலந்து, இரண்டு தடவை ஆற்றி, அவள் முன்னால் வைத்தேன்.

வடிவு டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டம்ளரை எடுத்து மோந்து பார்த்துவிட்டு மறுபடி கீழே வைத்தாள்.

"இதுல என்னத்தப் போட்டிருக்கீய?" என்றாள்.